நேர்ச்சை இல்லாத நடை

வர்க்கலை
27 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தானுக்கு,

"நடந்து முடிச்சு வீட்டுக்கு வாறது வரைக்கும் எனக்கு போன் பண்ணப்பிடாது, கேட்டியா" என்று படியில் நின்று சொன்னீர்கள். நான் பண்ணவில்லை. கடிதம் எழுதக் கூடாது என்று சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் மகள் அஞ்சுவுக்கு மட்டும் தினமும் சாயங்காலம், நான் எங்கே இருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டுப் போனை அணைத்துவிடுகிறேன். அதை உங்களிடம் சொல்லச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு பந்து பொறுக்க என்னால முடியாதும்மா, நேரா பேசுங்க" என்று பெங்களூரிலிருந்து கத்துகிறாள். உடற்பயிற்சி ஆசிரியையின் மகள் பேசுகிற பேச்சா இது?

கன்னியாகுமரியில் கிளம்பியதிலிருந்து கடலை இடது கையில் வைத்துக்கொண்டே வருகிறேன். நீர் இறங்கியிருக்கும் நேரத்தில் ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கிறது, அப்போது வேகமாக நடக்கிறேன். வெயில் ஏறியதும் எங்காவது ஒதுங்கிக் காலுறையைக் கழற்றிக் காயப்போட்டு, விரல்களுக்குப் புது பிளாஸ்திரி ஒட்டிக்கொள்கிறேன். இதுவரை ஒரு கொப்புளம்கூட இல்லை. மலையில் படித்த பாடம் மணலுக்கும் உதவுகிறது.

பை கனக்கவில்லை. கூடாரம், அடுப்பு, மழைச்சட்டை எல்லாவற்றையும் நம் உரக்கடைத் தராசில் வைத்து நான் நிறுத்தபோது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே எடைக்கல்லை எடுத்துத் தந்தீர்களே, அது தினமும் நினைவுக்கு வருகிறது.

கோகர்ணம் வரை போவேன். எழுதுவதானால் ஆலப்புழைத் தலைமைத் தபால் நிலையத்துக்கு எழுதுங்கள். உறையின் மேல் "நேரில் வந்து வாங்கிக்கொள்வார்" என்று போட்டால் வைத்திருப்பார்கள்.

உலகம்மை


திட்டுவிளை
30 டிசம்பர் 2024

உலகம்மைக்கு,

இது சமாதானக் கடிதம் இல்லை. கடுகு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அதற்காக மட்டுமே எழுதுகிறேன்.

எழுத உட்கார்ந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். நீ இமயமலைக்குப் போனாய். பனியில் படுத்தாய். அகத்தியர் கூடம் ஏறினாய். என்றைக்காவது தடுத்தேனா? அப்போதெல்லாம் கூட ஒரு கூட்டம் இருந்தது, வழிகாட்டி இருந்தான், ஊரில் கேட்டால் "டூர் போயிருக்கா" என்று சொல்லிவிட முடிந்தது. இப்போது பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் முதுகில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு தனியாகக் கர்நாடகத்துக்கு நடந்து போகிறாள் என்பதை நான் யாரிடம் எந்த வாயால் சொல்வது?

சொல்லியும் பார்த்தேன். டீக்கடையில் கேட்டார்கள். "சும்மா நடக்கப் போயிருக்கா" என்றேன். எல்லோரும் டீக் கிளாசைக் கீழே வைத்தார்கள். பிறகு நம் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணி அண்ணாச்சி, "சும்மாவா? வேய் வள்ளிநாயகம், வீட்டுல என்ன சண்டை? எங்கிட்ட சொல்லும்" என்றார். கடையே சிரித்தது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை உலகு, என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஆகவே மறுநாள் வேறு ஒரு காரணம் சொல்லிவிட்டேன். அது என்ன என்பது இங்கே தேவையில்லை. இப்போது யாரும் சிரிப்பதில்லை.

நம் வயலில் கும்பப்பூ நெல் நன்றாகக் கதிர் வாங்குகிறது, மாசியில் அறுக்கலாம். கடுகு?

வள்ளிநாயகம்


ஆலப்புழை
4 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கடுகு, "சீரகம்" என்று எழுதி ஒட்டிய டப்பாவில் இருக்கிறது. சீரகம் எங்கே என்று அடுத்த கடிதத்தில் கேட்டுவிடாதீர்கள். அது தீர்ந்துவிட்டது.

நீங்கள் ஊரில் படுகிற பாட்டை நான் வழியில் படுகிறேன். பார்க்கிறவர்கள் எல்லாம் "எந்த அம்பலத்துக்கு?" என்று கேட்கிறார்கள். எந்தக் கோவிலுக்கும் இல்லை என்றால் அடுத்த கேள்வி, வீட்டில் என்ன பிரச்சினை. ஒரு பெண் தனியாக நடந்தால் சாமிக்காக நடக்க வேண்டும், அல்லது புருஷனுக்குப் பயந்து ஓட வேண்டும். மூன்றாவதாக ஒன்று இவர்களுக்குத் தோன்றவே இல்லை.

திருக்குன்றப்புழை பக்கத்தில் ஒரு வீட்டில், முற்றத்தில் கூடாரம் போடலாமா என்று கேட்டேன். அந்த வீட்டம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். "கெட்டியோன் தல்லியோ?" என்றாள் காதோடு. புருஷன் அடித்தானா என்று கேட்கிறாள். "அவர் பேசாமல்தான் இருந்தார்" என்றேன். அது அவளுக்கு இன்னும் பயங்கரமாகப் பட்டிருக்க வேண்டும். சற்று நேரத்தில் ஒரு பெண் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டாள்.

நல்ல பெண். என் அடையாள அட்டையைப் பார்த்தாள், அஞ்சுவிடம் போனில் பேசினாள், பையை முதுகில் மாட்டிப் பார்த்தாள். போகும்போது கூடாரம் எங்கே வாங்கியது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அவளும் ஒருநாள் கிளம்பிவிடுவாள் என்று நினைக்கிறேன்.

அது கிடக்கட்டும். ஊரில் என்ன காரணம் சொன்னீர்கள்? அடுத்த கடிதத்தைக் கொடுங்ஙல்லூர் தபால் நிலையத்துக்கு எழுதுங்கள்.

உலகம்மை


திட்டுவிளை
7 ஜனவரி 2025

உலகம்மைக்கு,

நீ போலீசிடம் அகப்பட்டாய் என்று படித்ததும் பயம் வந்தது. பிறகு, "அவர் பேசாமல்தான் இருந்தார்" என்று என்னைப் பற்றி ஒரு போலீஸ்காரியிடம் பதிவாகியிருக்குமே என்று கோபம் வந்தது. இரண்டும் இன்னும் தீரவில்லை.

உன் கேள்விக்குப் பதில். ஊரில் நீ சாமிக்கு நேர்ந்துகொண்டு, ஏதோ நேர்ச்சைக்காக நடக்கிறாய் என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. எப்படிப் பரவிற்று என்று ஆராய்வதில் பயனில்லை. நல்ல பேச்சுதானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் சுகம். அளவுக்கு மீறிய சுகம். கிருஷ்ணமணி அண்ணாச்சி காலையும் மாலையும் தூக்குவாளியில் ஓட்ஸ் கஞ்சி கொண்டுவருகிறார், நான் குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பார்க்கிறார். டீக்கடையில் வடைக்குக் கை நீட்டினால் நாலு பேர் தட்டிவிடுகிறார்கள். கடையில் ஒரு உர மூடையை நகர்த்த விடமாட்டேன் என்கிறார்கள். சீட்டாட்டத்தில் என்னை ஜெயிக்க விடுகிறார்கள் உலகு! கையில் ராஜாவை வைத்துக்கொண்டு ஒருவன் எனக்காகத் தோற்கிறான். இத்தனை வருடம் இவர்களோடு சீட்டு ஆடி நான் இப்படி அவமானப்பட்டதில்லை.

ஏன் இதெல்லாம் என்று கேட்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். வெளியில் தண்ணீரை அப்படியே குடிக்காதே.

வள்ளிநாயகம்


குருவாயூர்
12 ஜனவரி 2025

அத்தான்,

கஞ்சி குடிக்கிறேன் என்று எழுதினீர்களே, அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நேற்றுச் சாவக்காட்டுச் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வேன் பிரேக் போட்டு நின்றது. நம் தெருப் பெண்கள். குருவாயூருக்கு வந்தவர்கள். கிருஷ்ணமணி அண்ணாச்சியின் மருமகள் பிரிஜா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஒங்க நேர்ச்ச பலிக்கும் அத்த. மாமாவுக்க நெஞ்சுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். யாரோ குனிந்து என் ஷூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மணல் ஒட்டிய ஷூ.

எந்த நெஞ்சு? என்ன ஆகாது? அங்கேயே நின்று உங்களுக்குப் போன் செய்தேன். உங்கள் தடையை நான்தான் மீறினேன், பிறகு திட்டிக்கொள்ளுங்கள். "ஒண்ணுமில்ல, சின்ன விஷயந்தான், அதிகம் பேசப்பிடாதுன்னு சொல்லியிருக்கு" என்றீர்கள். அதையாவது தாங்கிக்கொண்டேன். "நீ நட, நிறுத்தாத" என்றீர்கள் பாருங்கள், அப்போதுதான் பையைக் கழற்றி ரோட்டோரத்தில் வைத்தேன். என்னைப் போகாதே என்று சொன்ன மனுஷர் நட என்கிறார் என்றால் உடம்பு எவ்வளவு மோசமாக இருக்க வேண்டும்!

வேனில் என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்கள். நேர்ச்சையைப் பாதியில் நிறுத்தினால் உங்களுக்கு ஆகாதாம். நேர்ச்சையே இல்லை என்று கத்தினேன். பிரிஜா என் வாயைப் பொத்தினாள்.

திருச்சூருக்குப் போய் ரயிலில் ஏறப் பார்த்தேன். மகரவிளக்குக் கூட்டம். பை உள்ளே போனால் நான் வெளியே நிற்கிறேன், நான் உள்ளே போனால் பை வெளியே நிற்கிறது. பதினைந்தாம் தேதிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை குருவாயூரில் கோவிலின் கிழக்கு வாசலுக்குப் பக்கத்து விடுதியில் இருப்பேன். இதைப் பிரிஜாவிடம் கொடுத்தனுப்புகிறேன். போனை இனி எடுக்க மாட்டேன். நீங்கள் "ஒண்ணுமில்லை" என்று சொல்வதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை.

நடை முடிந்தது. நடந்தது போதும். நாளைக்கே டாக்டரிடம் போங்கள். மாடிப்படி ஏறாதீர்கள்.

உலகு


ரயிலில்
14 ஜனவரி 2025, பொங்கல்

உலகு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. கையில் தருவேன். நேரில் நின்றால் உன் முகத்தைப் பார்த்ததும் என் வாய் வேறு ஏதாவது சொல்லிவிடும். பொங்கல் பானையை இறக்கிவைத்த கையோடு நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். உன் போனை எத்தனையோ முறை அழைத்துப் பார்த்தேன். நீ சொன்னபடி அணைத்தேதான் வைத்திருக்கிறாய்.

எனக்கு நெஞ்சில் ஒன்றும் இல்லை. எங்கேயும் ஒன்றும் இல்லை.

நடந்தது இதுதான். கடையில் எல்லோரும் சிரித்த மறுநாள், "நேர்ச்சைக்காக நடக்கா" என்று கிருஷ்ணமணி அண்ணாச்சியிடம் சொன்னேன். "யாருக்கு வே?" என்றார். உடனே வேறு பெயர் வாயில் வரவில்லை. "எனக்குத்தான்" என்றேன். "ஒமக்கு என்ன சீக்கு?" என்று கேட்டபோது நான் சட்டைப் பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். கை நெஞ்சில் இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. கண் கலங்கி நிற்கிற மனுஷரிடம் நான் கண்ணாடி தேடினேன் என்று எப்படிச் சொல்வேன்?

நீ போன் செய்தபோதும் அவர் பக்கத்தில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். நோயாளியாகத்தான் பேச முடிந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் பொய் பிடித்திருந்தது. தெருவில் போனால் "ஒமக்காக அந்தப் பொம்பள கடலோரம் பூரா நடக்கா, நீரு குடுத்து வச்சவரு" என்பார்கள். சில நேரம் நானே நம்பிவிடுவேன். நீ எனக்காக நடக்கிறாய் என்று. பொய் என்று நினைவு வந்ததும் கஞ்சி இறங்காது.

பிரிஜா கொண்டுவந்த கடிதத்தைப் படித்தேன். "நடந்தது போதும்" என்று எழுதியிருந்தாய். நீ இந்த நடைக்காக எத்தனை மாதம் வரைபடத்தை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதை நான் நிறுத்திவிட்டேனே என்று ஓடிவருகிறேன். திட்டு. எல்லாம் திட்டிவிட்டு நட.

வள்ளிநாயகம்


கோழிக்கோடு
21 ஜனவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

கால் எப்படி இருக்கிறது? கொப்புளத்தைக் குத்தாதீர்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், காயவிடுங்கள்.

விடுதி வாசலில் கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு, நான் படிக்கும்வரை எதிர்க் கடையில் தொங்கிய பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். கோபத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. சந்தோஷத்திலும் இருக்கலாம். அதனால்தான் அப்படிக் கேட்டேன். "நெஞ்சு நல்லா இருக்கா? அப்பம் எடுங்க பைய!" நீங்கள் நிஜமாகவே எடுத்து முதுகில் மாட்டுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

பொன்னானிவரை உங்கள் பின்னால் நடந்தேன். முதல் ஒரு மணி நேரம் உங்கள் மூச்சை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஓடிற்று. அதற்குப் பிறகு மூச்சுக்கே வழியில்லாமல் பேசினீர்கள். வழியில் இருந்த தென்னை மரம் ஒன்றையும் நீங்கள் விடவில்லை. "ஓலை மஞ்சளிச்சிருக்கு பாத்தியா, இதுக்குப் பொட்டாஷ் பத்தாது." அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு மலையாளம் அரைகுறை, எவ்வளவு பொட்டாஷ் வைக்க வேண்டும் என்று கையால் குழி தோண்டிக் காட்டினீர்கள். வெளியங்கோட்டில் நொண்ட ஆரம்பித்தபோது ஆட்டோவைக் கைகாட்டினேன். "எனக்கென்ன?" என்று முன்னால் போனீர்கள்.

நீங்கள் கூட நடந்தது எனக்குப் பிடித்திருந்தது. அதற்காக மறுபடி வந்துவிட வேண்டாம். மறுநாள் படகில் ஆற்றைத் தாண்டி அக்கரையில் தனியாக நடக்கத் தொடங்கினேன். எவ்வளவு அமைதி! தென்னை மரங்கள்கூட நிம்மதியாக நின்றன.

ஒரே ஒரு நிபந்தனை. ஊரில் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கிருஷ்ணமணி அண்ணாச்சியின் கஞ்சியை இனி ஒரு வாய் குடித்தாலும் அது பாவம்.

உலகு

பி.கு: போன் தடையை நீக்கிவிட்டதாகப் பொன்னானியில் பெரிய மனது பண்ணிச் சொன்னீர்கள். இருக்கட்டும். நீங்கள் கடிதத்தில்தான் ஒழுங்காகப் பேசுகிறீர்கள். அடுத்ததைக் கண்ணூர் தபால் நிலையத்துக்கு எழுதுங்கள்.


திட்டுவிளை
27 ஜனவரி 2025

அன்புள்ள உலகு,

சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். கேள் அந்தக் கதையை.

காலில் துணியைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். நடுவில் நின்று, "எனக்கு ஒரு சீக்கும் கிடையாது. நேர்ச்சையும் கிடையாது. உலகம்மை சும்மாத்தான் நடக்கா. அவளுக்கு நடக்கப் பிடிக்கும். அவ்வளவுதான்" என்றேன். சிரிக்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கிருஷ்ணமணி அண்ணாச்சி மெதுவாக எழுந்தார். "சீக்கு கிடையாதா?"

"கிடையாது."

"போன வாரம் இருந்துதே வே?"

"இப்பம் இல்ல. அப்பமும் இல்ல."

"இப்பம் இல்லைல்லா? அது போதும்" என்று கையைத் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டுவிட்டார். மாடிப்படி ஏறாத மனுஷன் குருவாயூர் போனான், பொன்னானிவரை நடந்தான், குணமாகித் திரும்பிவந்தான். இதுதான் இப்போது ஊருக்குத் தெரிந்த உண்மை. என் கால் கொப்புளங்களை ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நேர்ச்சையை வெளியே சொல்லக் கூடாது என்பதால்தான் நான் மறைக்கிறேனாம். உண்மையைச் சொல்லச் சொல்லப் பொய் பெருகுகிறது. இனி என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையில் விண்ணப்பங்கள் வேறு. அண்ணாச்சியின் முழங்கால் வலிக்கு நீ ஒரு நாள் நடக்க வேண்டுமாம். பிரிஜாவுக்கு வேலை மாற்றம். மேலத்தெருவில் ஒருவர் தம் மகனுக்குப் பெண் அமைய உன்னை உடுப்பியைச் சுற்றி வரச் சொல்கிறார். நான் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒன்று மட்டும் நல்லது நடந்தது. வடைக்குத் தடை நீங்கிவிட்டது. சீட்டிலும் நேற்று முழுக்கத் தோற்கடித்தார்கள். மனது நிறைந்துவிட்டது.

வள்ளிநாயகம்


முருடேசுவரம்
10 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணூர் தபால் நிலையத்தில் நின்று படித்துச் சிரித்தேன். உள்ளே இருந்தவர் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு ஒரே நடைதான், எழுத உட்காரவில்லை.

அண்ணாச்சியின் முழங்காலுக்கு என் நேர்ச்சை வேண்டாம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்காருவது மாதிரி காலை மடக்கி நிற்கச் சொல்லுங்கள். தினமும் காலையில். வலித்தால் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கட்டும். இரண்டு மாதத்தில் மாற்றம் தெரியும். அதையும் என் அற்புதக் கணக்கில் சேர்க்கட்டும், பரவாயில்லை.

இங்கே கன்னடத்தில் கேட்கிறார்கள், எதற்கு நடக்கிறாய் என்று. பாஷை தெரியாத இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்த நிம்மதியில் நானே யோசித்துப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு மேல் விசில் ஊதினேன். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினேன். மலைக்குப் போனாலும் கூட்டத்தில் நான்தான் கடைசியில் நடந்து, யாரும் விட்டுப்போனார்களா என்று தலையை எண்ணுவேன். இந்த நடையில் எண்ணுவதற்கு என் தலை ஒன்றுதான். காலையில் கூடாரத்தைச் சுருட்டும்போது அது சரியாக இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம். ஊரில் சொன்னால் நேர்ச்சையைவிடப் பெரிய பொய்யாகத் தெரியும்.

நடுவில் ஒரு நாள் மட்டும் எண்ணிக்கை இரண்டானது. அதற்கு நான் கோபப்படவில்லை.

இன்னும் சில நாளில் கோகர்ணம். இருபதாம் தேதி அங்கே ரயில் ஏறுகிறேன். இருபத்தொன்றாம் தேதி காலை திருவனந்தபுரத்தில் பாசஞ்சர் மாறி நாகர்கோவிலில் வந்து இறங்குவேன். அறுப்புக்கு முன் வீட்டில் இருப்பேன்.

உலகு


திட்டுவிளை
14 பிப்ரவரி 2025

உலகு,

அவசரம். போனில் சொன்னால் உளறிவிடுவேன். கோகர்ணம் தபால் நிலையத்தில் இதை வாங்கியதும் படித்துவிடு.

நீ இருபத்தொன்றாம் தேதி வருகிறாய் என்று ஒரே ஒரு ஆளிடம் சொன்னேன். அந்த ஆள் கிருஷ்ணமணி அண்ணாச்சி. தப்பு என்னுடையது. இப்போது இரண்டு வேன் பேசியாகிவிட்டது. தோவாளையில் மாலைக்குச் சொல்லிவிட்டார்கள், ஆள் உயரம். நாகஸ்வரம் வருகிறது. நாகர்கோவில் ஸ்டேஷனில் உன்னை இறக்கி, மாலை போட்டு, கால் கழுவி, ஊர்வலமாகக் கூட்டிவரத் திட்டம். பூசாரியிடமும் பேசிவிட்டார்கள். வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். "பாத்தியளா, எவ்வளவு அடக்கம்" என்கிறார்கள்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீ நாகர்கோவிலுக்கு வராதே. கொஞ்சம் முன்னாலேயே, இரணியல் ஸ்டேஷனில் இறங்கிவிடு. நான் மட்டும் ஸ்கூட்டரோடு அங்கே நிற்பேன். சுங்கான்கடை வழியாக வராமல் உள்பாதையில் ஊருக்குப் போய்விடுவோம். அவர்கள் மாலையை வைத்துக்கொண்டு பாசஞ்சரை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பிறகு எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். ஆறு மாதம் பேச்சு நின்றாலும் நிற்கும். நிற்கட்டும். நீ யாருக்கும் நேர்ந்துகொண்டு நடக்கவில்லை. யாரும் உன் காலைக் கழுவ வேண்டாம்.

பதில் எழுது. வராவிட்டாலும் நான் இரணியலில்தான் நிற்பேன்.

உன்
வள்ளிநாயகம்


கோகர்ணம்
17 பிப்ரவரி 2025

அன்புள்ள அத்தானுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். கடலில் இறங்கி முழங்கால்வரை நனைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றேன். அதன் பிறகு தபால் நிலையம் போனேன்.

இரணியலில் இறங்குகிறேன். வெயில் ஏறுவதற்குள் பாசஞ்சர் வந்துவிடும். அங்கிருந்து வீட்டுக்கு நல்ல தூரம், வழியில் தென்னையும் நிறைய. கட்டை விரலுக்கு முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

உலகு